ஆள் இல்லாத அடுப்பு

"என்னடி, நின்னுக்கிட்டே தூங்குறியா?"

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி அக்கா ஒருநாள் இப்படிக் கேட்டாள். "இல்லையே" என்று சின்னவள் அவசரமாகச் சொன்னாள். ஆனால் பொய் சொல்ல அவளுக்கு வழியே இல்லை. இருவருமாகப் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையில் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, ஒருவரையொருவர் நோக்கி நடந்து வர வேண்டும். இஸ்திரி அக்கா நடந்து வந்து இவள் மூக்குக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். இவள் மட்டும் தன் முனைகளை இறுகப் பிடித்தபடி, சுவரில் அறைந்த ஆணி மாதிரி நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். கண் என்னவோ திறந்துதான் இருந்தது.

"குதிரை இப்படித்தான் தூங்குமாம்," என்றாள் இஸ்திரி அக்கா. "ஆனா அதுக்கு நாலு காலு. உனக்கு ரெண்டுதான். விழுந்து கிழுந்து வைக்காதே."

சின்னவள் என்பது வீட்டில் விழுந்த பெயர். இரண்டு மகன்கள் உள்ள குடும்பத்துக்கு இளைய மருமகளாக வந்தவள். மூத்த மருமகள் பெரியவள், மருந்துக்கடையில் வேலை, நகரத்தின் மறுகோடியில் வீடு. மாமியார் போன பிறகு மாமனார் யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்தபோது, "கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும், அப்புறம் நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்று பெரியவள்தான் சொன்னாள். அந்தக் கொஞ்ச நாள் ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போனது.

மாமனார் சோப்பு ஆலையில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர். பாய்லர்காரர் என்றால் அந்தக் காலத்தில் ஆலை முழுக்கத் தெரியும். இப்போது அவருக்கு மறதி. சாப்பிட்டது மறந்துவிடும், குளித்தது மறந்துவிடும். ஆனால் ராத்திரி ஷிஃப்டு மட்டும் மறக்கவில்லை. ஊர் அடங்கிய பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கதவுத் தாழ்ப்பாளைத் தடவ ஆரம்பித்துவிடுவார். "நேரமாச்சும்மா, ஆள் மாத்தணும்" என்பார். சின்னவள் எழுந்து, இன்றைக்கு லீவு என்று சொல்லி, படுக்க வைத்து, நனைந்திருந்தால் விரிப்பை மாற்றி, திரும்பிப் படுக்கும்போது அவர் மறுபடி எழுந்திருப்பார். பகலெல்லாம் ஊரார் விரிப்பு. இரவெல்லாம் வீட்டு விரிப்பு. அவள் கணவன் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவன். விடியலில் போக வேண்டியவன் என்பதால் அவனை எழுப்புவதில்லை. எழுப்பினாலும் எழுந்திருக்கிற ஆள் இல்லை. தலைமாட்டில் டயர் வெடித்தாலும் புரண்டுதான் படுப்பான்.

"பெரியவன்கிட்ட கேக்க வேண்டியதுதானே?" என்றாள் இஸ்திரி அக்கா.

"இவரு கேக்க மாட்டாரு. அண்ணன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு நகத்தைக் கடிப்பாரு."

"அப்போ நீ கேளு. சும்மா கேக்காதே. வீட்டுக்குக் கூப்பிட்டு நல்லா சாப்பிட வச்சுட்டுக் கேளு. வயிறு முட்ட மாட்டுக்கறி தின்னவனுக்கு முடியாதுன்னு சொல்றதுக்கே மூச்சு வாங்கும்."

"சமைக்க எனக்கு எங்கக்கா தெம்பு இருக்கு?"

"அதுக்குத்தான் மாட்டுக்கறின்னேன். நரம்போடின கறியா வாங்கு. பெரிய துண்டா போட்டு நல்லா சிவக்கவிட்டு எடு. அதே சட்டியில வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மிளகு தட்டிப் போட்டு, ரெண்டு பிரிஞ்சி இலை, கொஞ்சம் வினிகர். கறியைத் திரும்பப் போட்டு, தண்ணி பாதி முங்கற அளவுக்கு விட்டு மூடிடு. நெருப்பு கண்ணு சிமிட்டற அளவுக்கு இருந்தாப் போதும். அப்புறம் அது பாட்டுக்கு அது, உன் பாட்டுக்கு நீ. போய்ப் படு."

சொன்ன எல்லாவற்றிலும் அந்தக் கடைசிச் சொல்தான் சின்னவளுக்கு நாக்கில் ஊறியது. போய்ப் படு. அப்படி ஒரு சமையல் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

விடுமுறை நாளாகப் பார்த்து அழைப்புப் போனது. பெரியவன் வருகிறேன் என்றான். பெரியவள் பின்னாலிருந்து, "என்ன விசேஷம்?" என்று கேட்டது போனில் காதில் விழுந்தது. "ஒண்ணுமில்லக்கா, சும்மா," என்றாள் சின்னவள். சும்மா என்ற சொல்லை அத்தனை கனமாக அவள் சொன்னதே இல்லை.

அன்று கறிக்கடைக்காரர் காட்டிய துண்டுகளில் சவ்வும் நரம்பும் ஓடியதைப் பார்த்து எடுத்தாள். "இது சீக்கிரம் வேகாதே," என்றார் அவர். "வேகாததுதாங்க எனக்கு வேணும்," என்றாள். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத்தான் பொட்டலம் கட்டினார்.

மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களை ஒதுக்கியதும், கனமான இரும்புச் சட்டியை ஏற்றினாள். கறியை ஒத்தித் துடைத்து, துண்டு துண்டாக எண்ணெயில் விட்டு, அடி சிவக்கிற வரைக்கும் கிளறாமல் பொறுத்திருந்து திருப்பிப் போட்டாள். வெங்காயம் வதங்கும்போதே தூக்கம் கண்ணில் மணல் மாதிரி அரித்தது. மூடியைப் போட்டு, நெருப்பைக் குறைத்துக் குறைத்து, நீலப் பாசிமணி அளவுக்குக் கொண்டு வந்து வைத்தாள். சட்டிக்குள் யாரோ மெதுவாகக் குறட்டை விடுவது போல ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. அதைக் கேட்கவே அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

"அடுப்புல கறி இருக்கு. பாத்துக்கோங்க," என்றாள் கணவனிடம்.

"பாத்துக்கறதுக்கு என்ன இருக்கு? அது எங்க ஓடப் போகுது?"

"விளையாடாதீங்க. தண்ணி வத்தாம பாத்துக்கணும். நான் கொஞ்சம் கண்ணசர்றேன்."

"போ, போய்ப் படு," என்றான் அவனும். ஒரே வாரத்தில் இரண்டு பேர் அவளிடம் அதைச் சொன்னது அதிசயம்தான். அவள் சுவரோரம் சுருண்டவள், தலையணையைச் சரிசெய்யக்கூடத் தெம்பில்லாமல் தூங்கிப்போனாள்.

விழித்தபோது ஜன்னல் வெயில் எதிர்ச் சுவருக்கு ஏறியிருந்தது. உடம்பு லேசாக இருந்தது. அந்த லேசே அவளைப் பயமுறுத்தியது. காதைத் தீட்டினாள். சட்டியின் குறட்டையைக் காணோம்.

ஓடிப்போய் மூடியைத் தொட்டாள். கை சுடவில்லை. அடுப்பின் திருகு குறுக்கே மூடிக் கிடந்தது. கறித்துண்டு ஒன்றை முள்கரண்டியால் குத்தினாள். கரண்டிதான் வளையப் பார்த்தது. செருப்புத் தோல் தோற்றது.

கீழ்வீட்டில் நாற்காலி இரவல் வாங்கப் போன கணவன், அங்கே டிவியில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு, அப்போதுதான் விருந்தாளிகளுக்கு இரண்டு நாற்காலியை ஒன்றாக அடுக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு படியேறி வந்தான்.

"அடுப்பை ஏங்க அணைச்சீங்க?"

"நானா? நான் தொடவே இல்லையே."

"அப்புறம் அதுவா அணைஞ்சு, அதுவா திருகிக்கிச்சா?"

"சத்தியமா நான் இல்லடி. நான் கீழ இருந்தேன்."

"பாத்துக்கோங்கன்னு சொன்னதுக்கு, கீழ இருந்து பாத்தீங்களாக்கும்!"

"நான்தான் அணைச்சேன்," என்று ஒரு குரல் வந்தது.

மாமனார் சமையலறை வாசலில் நின்றிருந்தார். சட்டைப் பித்தான் எல்லாம் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். ஆனால் முகம் தெளிவாக இருந்தது. இவ்வளவு தெளிவாக அவள் அதைப் பார்த்துப் பல மாதம் இருக்கும்.

"வந்து பாத்தேன். ஒருத்தரும் இல்ல. ஆள் இல்லாம நெருப்பு எரியக் கூடாதும்மா. அணைச்சுட்டேன்," என்றார்.

கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டின் சட்டமே அதுதான். ஒருமுறை மாமனார் பாலை ஏற்றிவிட்டு மறந்து மொட்டை மாடிக்குப் போய்விட, கைப்பிடித் துணி பற்றி, ஜன்னல் திரையில் பாதி கருகிப்போனது. அன்றிலிருந்து சமையலறையை விட்டு வருகிற யாரும், தும்மியதும் வாழ்த்துகிற மாதிரி, "அடுப்பு அணைச்சாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். ஆள் இல்லாமல் எரிகிற அடுப்பை யார் பார்த்தாலும் அணைத்துவிட வேண்டும். அவர் காதில் ஓதி ஓதிச் சலித்த வாசகம் அது. ஒரு நாளாவது அவர் நினைவில் நின்றதில்லை. இன்றைக்குப் பார்த்து நின்றிருக்கிறது. அதை மறந்தது அவள்தான்.

திட்ட வேண்டும் என்று வந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. "சரி மாமா. நல்லதுதான் செஞ்சீங்க," என்றாள்.

"குக்கர்ல மாத்திடலாமா?" என்று கணவன் மெல்லக் கேட்டான்.

அவள் அவனை முறைத்தாள். குக்கர் விசில் அடித்தால் மாமனாருக்கு அது ஆலைச் சங்கு. சோற்றுக்கு வைத்த இரண்டு விசிலுக்கே ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய்விட்டார். குக்கர் அப்போதே அலமாரி உச்சிக்குப் போனது. ரப்பர் வளையமும் காய்ந்து வெடித்துவிட்டது.

வேறு வழியில்லை. மறுபடி பற்றவைத்து, கொஞ்சம் வெந்நீர் விட்டு, மூடினாள். மாமனார் உள்ளே வந்தார். மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப்போட்டு அடுப்புக்கு நேராக உட்கார்ந்தார். குனிந்து சுடரைப் பார்த்தார். கையை நீட்டித் திருகை ஒரு மயிரிழை திருப்பினார். சட்டி மறுபடி குறட்டைவிட ஆரம்பித்தது.

"நீ போம்மா. ஆள் இருக்கேன்ல, எரியட்டும்," என்றார்.

அவர் அசையவில்லை. அவள் ரொட்டி அறுக்க, உருளைக்கிழங்கு தோலுரிக்க, தட்டுத் துடைக்க என்று அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு முறையும் அவர் கண் சுடரில்தான் இருந்தது. காரட் துண்டுகளைப் போட மூடியைத் திறந்தபோது மட்டும், "சும்மா சும்மா திறக்காதே, சூடு போயிடும்," என்று அதட்டினார். அவருடைய பழைய குரல் அது. சின்னவள் பயந்துபோய் மூடினாள். அதன் பிறகு சிரிப்பு வந்தது.

விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். பெரியவள் எந்த வீட்டுக்குப் போனாலும் நேரம் தவறாமல் போகிறவள். பேச்சும் அப்படித்தான், மருந்துச் சீட்டைப் பார்த்துச் சொல்வது போல், சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று பிரித்துப் பிரித்துச் சொல்வாள். பெரியவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். நாளெல்லாம் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டு, விடுமுறை நாளில் யார் பேசினாலும் தலையை மட்டும் ஆட்டுகிற பழக்கம் அவனுக்கு வந்திருந்தது.

"வாசனை தூக்குதே!" என்றாள் பெரியவள்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்க்கா."

கொஞ்ச நேரம் போனது. பிஸ்கட் தட்டு காலியானது. இன்னும் கொஞ்ச நேரம் போனது. கீழ்வீட்டு நாற்காலி பெரியவன் கனத்துக்குக் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. மனிதர்கள் பசியில் இருக்கும்போது சிரிப்பு எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டம் போட்டது வயிறு நிறைந்த பெரியவனிடம் கேட்க. இங்கே உட்கார்ந்திருப்பது பிஸ்கட் தின்ற பெரியவன்.

"என்னடா தம்பி, சாப்பிடக் கூப்பிட்டியா, காவலுக்குக் கூப்பிட்டியா?" என்றான் அவன்.

சின்னவன் சிரித்தான். சிரித்துவிட்டு, வாயை மூடத் தெரியாமல், "இல்லண்ணே, ஒரு விஷயம் பேசலாம்னுதான்... அப்பா விஷயமா..." என்று தொடங்கிவிட்டான். சின்னவள் கண்ணைக் காட்டினாள். காட்டி என்ன செய்ய? அவன் வழக்கம்போல் பாதியில் நின்று நகத்தைக் கடித்தான்.

பெரியவள் எழுந்து போய்ச் சமையலறையை எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது முகமெல்லாம் வெளிச்சம்.

"அட, மாமா எவ்வளவு நல்லா இருக்காரு! நான் என்னமோ ஏதோன்னு நினைச்சேன். அடுப்பைக் குறைச்சு வச்சு, பக்கத்துல உக்காந்து என்ன அழகா பாத்துக்கறாரு! 'சட்டியைத் திறக்காதே'ன்னு என்னையே விரட்டிட்டாரு." கணவன் பக்கம் திரும்பினாள். "இந்த வீடு அவருக்கு ஒத்துப்போச்சுங்க. இப்போ போய் இடம் மாத்தினா, தேறி வர்ற மனுஷன் திரும்பக் குழம்பிடுவாரு."

பெரியவன் தலையாட்டினான்.

சின்னவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவே கிடையாது, மணி கோத்த ஒரு திரைதான். இங்கே மூச்சு விட்டால் அங்கே கேட்கும். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த மனிதர் இன்றைக்கு ஒருநாள்தான் முழு மனிதராக உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்குத்தான் அவள் சொல்லியாக வேண்டும். நாளைக்கு ஒத்திப்போட அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

"அக்கா," என்றாள். "இன்னைக்குத்தான் இப்படி."

"ஒரு நாள் முடிஞ்சா எல்லா நாளும் முடியும். நீதான் பழக்கணும்."

"ராத்திரி அவரு தூங்கறதில்லைக்கா. ஷிஃப்டுக்குப் போகணும்னு கிளம்பிடறாரு. கதவை மூடினா தட்டறாரு. நான் யாருன்னு கேக்கறாரு. படுக்கையிலேயே எல்லாம் போயிடுது. துவைச்சுப் போட்டுட்டு வேலைக்குப் போறேன். அங்கயும் அதையேதான் துவைக்கிறேன். அன்னைக்கு என் கையைக் கடிச்சிட்டாரு. அவரு மேல தப்பில்ல. ஆனா எனக்கு..." என்ன சொல்ல வந்தோம் என்பது அவளுக்கு நழுவிப் போனது. தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. "எனக்குத் தூக்கம் வருதுக்கா," என்று முடித்தாள்.

குரலை அவள் உயர்த்தவில்லை. அழவும் இல்லை. துணிக்கு நம்பர் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் கூடத்தில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த நாற்காலி நின்றுவிட்டது.

உள்ளே முக்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு திருகு திரும்பும் சத்தம். மணித்திரை விலகியது.

"வெந்துடுச்சு," என்றார் மாமனார்.

சட்டியைத் தூக்கி நடுவில் வைத்தார்கள். கரண்டி பட்டதும் கறி இழை இழையாகப் பிரிந்து விழுந்தது. நரம்பெல்லாம் கரைந்து குழம்பு உதட்டில் ஒட்டியது. ரொட்டியால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார்கள். பெரியவள்கூட, "எண்ணெய் கொஞ்சம் ஜாஸ்தி" என்றதோடு சரி. மூன்றாம் முறையும் தட்டை நீட்டினாள். மாமனார் தன் தட்டில் ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. சின்னவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். கேட்டதா, கேட்கவில்லையா, கேட்டு மறந்துவிட்டாரா என்று அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பெரியவன் கைகழுவிவிட்டு வந்து நின்றான். கையை வேட்டியில் துடைத்தான். வெகு நேரம் துடைத்தான்.

"மூணு மாசம் நான் வச்சுக்கறேன்," என்றான். "அப்புறம் பாக்கலாம்."

பெரியவள் கணவனைப் பார்த்த பார்வைக்கு மருந்தே கிடையாது. "எப்போ?" என்றாள்.

"இன்னைக்கே. வேன் காலியாத்தானே நிக்குது."

அவனுக்கே நாளைக்கு மனம் மாறிவிடும் என்று பயம்போல. சின்னவளுக்கும் அதே பயம். கணவன் "இன்னைக்கேவாண்ணே?" என்று இழுத்தபோது அவள் ஏற்கெனவே உள்ளே போய்ப் பையை எடுத்திருந்தாள். மாத்திரை, கண்ணாடி, சட்டைகள், அடியில் விரிக்கிற ரப்பர் துணி. ரப்பர் துணியை வைத்ததும் ஒரு நிமிடம் கை நின்றது. ஒரு வார்த்தை போதும். இன்றைக்கு வேண்டாம், இன்னும் நாலு நாள் போகட்டும் என்று சொன்னால் போதும். எல்லோரும் நிம்மதியாகப் போய்விடுவார்கள். அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஜிப்பை இழுத்து மூடினாள்.

மீந்த கறி கெட்டுவிடாமல் ஒரு கொதி விட்டு வைக்கலாம் என்று சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். சின்னதாக எரியவிட்டு வழியனுப்ப வந்தாள். பெரியவள் படியில் பாதி இறங்கிவிட்டிருந்தாள். சகோதரர்கள் பையை யார் தூக்குவது என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பை மாட்டினார். பித்தானைக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சரியான துளையில் போட்டுக்கொண்டார். எழுந்து வாசல் வரைக்கும் வந்தார்.

"மாமா," என்றாள் சின்னவள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக மணித்திரையைப் பார்த்தார். காதைச் சாய்த்தார். செருப்பைக் கழற்றினார். எல்லோரையும் கடந்து உள்ளே நடந்தார். சமையலறையில் சட்டியின் குறட்டை நின்றது. திருகை ஒருமுறைக்கு இருமுறை அழுத்திப் பார்க்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து செருப்பை மாட்டினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஷிஃப்டு முடிந்து போகிறவர் மாதிரி படி இறங்கிப் போனார்.